உட்கணினிக்கு ஒரு வெளிவாயில்

சென்ற இதழில், ஒரு கணினியின் உள்ளேயே மற்றொரு கணினியை விர்ச்சுவல்பாக்ஸ் வாயிலாக அமைத்துக்கொள்ளும் வகையை எழுதியிருந்தேன். அன்பர் சிலர் அவ்வாறே அமைத்துவிட்டு, "உள்ளே இருப்பது வெளியுலகைக் காணவில்லையே!" என்று கடிதம் விடுத்துள்ளனர். விடை கூறுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் வாழும் நண்பரொருவரின் மகள் வேற்றூரில் விடுதியில் தங்கிப் பட்டயப் படிப்புப் பயிலுகிறாள். லினக்ஸ் செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாட்களே இருந்தபோது, ஓரிரவு தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, உள்ளிருக்கும் லினக்ஸுக்கு முகவரியே கிடைக்கவில்லை. இன்னொரு மடிக்கணினி வேண்டுமென்று அப்பாவிடம் நான் எப்படிக் கேட்பேன்?" என்றாள். குரல் தழுதழுத்தது. விசாரித்ததில், தோழியின் சொற்படி 'பிரிட்ஜ்' என்னும் முறையைத் தேர்ந்திருந்தாள் என்பது புலனாயிற்று. அம்முறையில் உட்கணினி தனி அடையாளத்தோடு வலையமைப்பின் முன் நின்று முகவரி கோரும். அவ்விடுதியிலோ மாணவி ஒருவருக்குப் பதிவு செய்த கருவி ஒன்றே அனுமதி. மறுத்ததில் வியப்பென்ன?

இத்தகைய இடத்திற்கு ஏற்றது 'நாட்' எனப்படும் முகவரி மாற்று முறை. அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இதன் தத்துவம் புதிதன்று. பிரிவுகள் பல; ஆயினும் வெளிச்செல்லும் கடிதம் அனைத்திற்கும் அனுப்புநர் முகவரி ஒன்றே. எழுத்தர் பதிவேட்டில் எண்ணிட்டு அனுப்புகிறார். விடை அவ்வெண்ணைச் சுட்டி வருகிறது. ஏட்டைப் பார்த்து உரிய பிரிவிற்குக் கொடுக்கிறார். நாட்டில் அவ்வெண்ணின் இடத்தை வகிப்பது போர்ட் எண். 0 முதல் 65,535 வரை எண்கள் உள்ளமையால் ஏட்டில் இடத்திற்குப் பஞ்சமில்லை.

இம்முறை பிறந்தது முகவரிப் பஞ்சத்தால். பழைய இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. 1994-இல் இம்முறை ஆவணமாக வெளியிடப்பட்டது; 10 என்று தொடங்குவனவும், 192.168 என்று தொடங்குவனவும் முதலிய முகவரிகள் அவ்வாண்டிலேயே உள்வீட்டுப் பயனுக்கென ஒதுக்கப்பட்டன.

நிற்க, செய்முறைக்கு வருவோம். உட்கணினியின் அமைப்புகளில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, 'நாட்' என்பதைத் தேர்ந்தால் போதும். உட்கணினிக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும்; 10.0.2.2 என்பது வாயில். அதன் போக்குவரத்து முழுவதும் பதிவு பெற்ற வெளிக்கணினியே செய்வதாக வலையமைப்புக்குத் தோன்றும். அப்பெண் தொலைபேசியை வைக்குமுன்னரே மென்பொருள்கள் இறங்கத் தொடங்கிவிட்டன.

அப்படியும் இயங்காவிடில், முதலில் வாயிலைத் தட்டிப் பாருங்கள். அடுத்து வெளியிலுள்ள ஏதேனும் ஓர் எண் முகவரியை. பின்னரே பெயர் முகவரியை. எண் விடையளித்துப் பெயர் விடையளிக்கவில்லையெனில், பழுது நாட்டில் அன்று; பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் அமைப்பில். இதை உணராமல் அனைத்தையும் கலைத்து மீண்டும் நிறுவுவோர் பலர். யானும் ஒருமுறை ஞாயிறு முழுவதையும் அவ்வாறு வீணாக்கியதுண்டு.

வெளியிலிருந்து தாமாக வரும் அழைப்பு உட்கணினியை அடையாது. ஏட்டில் எண்ணில்லாக் கடிதத்தை எழுத்தர் எப்பிரிவிற்குக் கொடுப்பார்? ஆகவே 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில், வெளிக்கணினியின் 2222-ஆம் போர்ட்டுக்கு வருவதை உட்கணினியின் 22-க்கு அனுப்புக என்று விதி எழுதவேண்டும். லினக்ஸ் வெளிக்கணினியாயின் 1024-க்குக் குறைந்த எண்ணைச் சாதாரணப் பயனர் வழக்கமாகத் திறக்கவியலாது, அதனால்தான் 2222.

அவ்விதியில் வெளிக்கணினி முகவரிக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். வெறுமையாயின் அவ்வலையிலுள்ள எவரும் கதவைத் தட்டலாம். பயண விடுதியொன்றில் யான் அவ்வாறே விட்டு உறங்கிவிட்டேன். காலையில் நுழைவுப் பதிவைப் பார்த்தால், தவறான கடவுச்சொல்லுடன் வரிவரியாக முயற்சிகள்! அவை யாவும் 10.0.2.2 என்ற வாயில் முகவரியிலிருந்து வந்தனவாகவே பதிந்திருந்தமையால், ஆள் இன்னார் என்று அறியவும் வழியில்லை. அக்கட்டத்தில் 127.0.0.1 என்று இட்டால் தம் கணினி ஒன்றே நுழையக்கூடும்.

இரண்டு உட்கணினிகள் வைத்திருப்போர், இரண்டும் 10.0.2.15 என்றே காட்டுவது கண்டு அஞ்சவேண்டா. ஒவ்வொன்றிற்கும் வாயில் தனி. ஆதலால் மோதல் இல்லை, ஒன்றையொன்று காணவும் இயலாது. காணவேண்டுமெனில் 'நாட் நெட்வொர்க்' என்னும் வேறு முறை உண்டு. அதனை அடுத்த இதழில் எழுதுவேன்.