உரோமம் இல்லாத பூனை



பூனை என்றவுடன் நம் கை தேடுவது அதன் பஞ்சு போன்ற உரோமத்தை அன்றோ? அந்த உரோமமே இல்லாத பூனையினம் ஒன்று மேலைநாட்டு இல்லங்களில் வளர்ந்து வருகிறது. அதன் பெயர் ஸ்பிங்ஸ். பெயரைக் கேட்டு அது எகிப்து நாட்டுப் பூனை என்று எண்ணிவிட வேண்டாம். எகிப்தின் பழஞ்சிலையின் பெயரை அதற்குச் சூட்டினார்களேயன்றி, அதன் பிறப்பிடம் கனடாவே ஆகும்.

1966ஆம் ஆண்டு அந்நாட்டின் டொராண்டோ நகரில் சாதாரணப் பூனையொன்று ஈன்ற குட்டி ஒன்று உரோமமின்றிப் பிறந்தது. அதன் கால்வழி நிலைக்கவில்லை. பின்னர், 1970களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பண்ணையொன்றிலும், மீண்டும் டொராண்டோவிலும் அத்தகைய குட்டிகள் தோன்றின. இன்றுள்ளவை பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவை. உரோமத்திற்கு உறுதி தரும் கெரட்டின் என்னும் புரதத்தின் மரபணுக்களுள் ஒன்றில் உள்ள மாற்றமே இதற்குக் காரணம் என்று 2010ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெறும் குட்டியே உரோமமின்றிப் பிறக்கும்.

சுருக்கம் விழுந்த தோல், அகன்ற காதுகள், உருண்ட வயிறு ஆகியவை இதன் தோற்றம். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் உடல் வெப்பம் மற்றப் பூனைகளின் அளவே. இடையில் உரோமம் இல்லாமையால் அந்தச் சூட்டை நம் கை நேரே உணர்கிறது. மனிதரை விட்டு அகலாது. வீட்டிற்கு வருவோரை வாயிலிலேயே எதிர்கொள்ளும்.

ஆனால், உரோமம் செய்துவந்த வேலைகளையெல்லாம் இனி வளர்ப்பவரின் கைகளே செய்ய வேண்டும். தோலில் சுரக்கும் எண்ணெயை ஈர்த்துக்கொள்ள உரோமம் இல்லை. ஆதலால் அழுக்குப் படியும். ஏறத்தாழ வாரம் ஒருமுறை, பூனைகளுக்கு உரிய மென்மையான சோப்பு நீர்மத்தால் வெந்நீரில், அதுவும் இளஞ்சூட்டில், குளிப்பாட்டி உடனே துடைத்துவிட வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குளிப்பாட்டினால் தோல் வறண்டுவிடும். காதுகளில் சேரும் பழுப்பு நிற மெழுகையும், நகங்களின் மடிப்பில் தங்கும் அழுக்கையும் ஈரப்பஞ்சால் நீக்க வேண்டும். கண்ணிமை மயிர் இல்லாமையால் கண்களையும் அவ்வாறே துடைத்துவிட வேண்டும். குளிர் அதை எளிதில் தாக்கும். கடும் வெயில் தோலைச் சுட்டுவிடும். உடற்சூட்டைக் காத்துக்கொள்ள மற்றப் பூனைகளைவிட மிகுதியாக உண்ணும். இதயத் தசை தடித்துப்போகும் நோயும் இவ்வினத்தில் காணப்படுவதால், மருத்துவரிடம் காட்டி இதயத்தைச் சோதித்துக்கொள்வது நலம்.

“உரோமம் இல்லையே, ஒவ்வாமை உள்ளவர்களும் வளர்க்கலாமே” என்று கருதுவோர் உண்டு. அது தவறு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் உமிழ்நீரிலும் தோற்சுரப்பிகளிலும் உள்ளது. உரோமம் அதைச் சுமப்பது மட்டுமே. எனவே இந்தப் பூனையிடமிருந்தும் அது வெளிப்படும்.

இவ்வினத்தின் மீசை மயிர்களும் குட்டையாக, முறிந்து, அல்லது அறவே இல்லாமல் இருக்கும். இருளில் வழியறியவும், அருகிலுள்ளதை உணரவும் பூனைக்கு அவையே துணை. கண்ணுக்குப் புதுமையாய்த் தோன்றுகிறது என்பதற்காக, ஓர் உயிர் தன் உணர்வின் கருவியை இழந்தே பிறக்குமாறு நாம் இனப்பெருக்கம் செய்விக்கலாமா? இக்கேள்வியை எண்ணிப் பார்த்த நெதர்லாந்து அரசு, 2026 ஜனவரி 1 முதல் பிறக்கும் உரோமமற்ற பூனைகளை அந்நாட்டில் வளர்ப்பதைத் தடை செய்துள்ளது. முன்னரே உள்ளவை தங்கள் இல்லங்களில் வாழ்நாள் முழுவதும் இருக்கலாம்.

அந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஏற்கெனவே நம்மை நம்பி வாழும் உயிரை வாரந்தோறும் குளிப்பாட்டி, குளிரில் போர்த்திக் காப்பது அன்பு. அந்தக் குறையோடு இன்னோர் உயிரை வேண்டுமென்றே பிறக்கச் செய்யாதிருப்பதும் அன்பே. விலங்கொன்றை வாங்க விரும்பும் பிள்ளைகள் கேட்கவேண்டிய முதற்கேள்வி, “இது அழகாக இருக்கிறதா?” என்பது அன்று, “இதற்கு நலமாக இருக்குமா?” என்பதே.