மரமா, மைதானமா? பொய்ச் சண்டையில் ஏமாறாதீர்கள்!



நகரத்தின் நடுவே ஒரு துண்டு நிலம் காலியாகக் கிடந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "மரம் நடு, பூங்காவாக்கு" என்பது ஒன்று. "கூட்டம் போட, கண்காட்சி நடத்த, கடை விரிக்கத் திடலாக விடு" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் மோதிக் கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒருவர் வந்து கட்டடம் எழுப்பிவிடுகிறார். சென்னையில் நடந்தது இதுதான்.

பெரியமேட்டு வியாபாரிகளே! இது உங்கள் கடை வாசலில் நடந்த கதை. 1859-ல் கவர்னர் சார்லஸ் ட்ரெவல்யன் காலத்தில் திட்டமிடப்பட்ட பீப்பிள்ஸ் பார்க்கின் பரப்பு 116 ஏக்கர். அங்கே மரங்களும் குளங்களும் இருந்தன. பேண்டு வாத்திய மேடையும் மிருகக்காட்சி சாலையும் இருந்தன. சந்தைத் திருவிழாவும் நடந்தது. பசுமையும் மக்கள் கூடும் இடமும் ஒரே வளாகத்தில் சேர்ந்தே இருந்தன.

இன்று அந்தப் பூங்கா எங்கே?

விக்டோரியா பொதுமண்டபம் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. 1993-ல் நேரு விளையாட்டரங்கம் வந்தது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் கூட்டிப் பாருங்கள், பூங்காவும் போய்விட்டது, திடலும் போய்விட்டது! 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்திற்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே இன்று பெயரில் மட்டுமே குளம் இருக்கிறது.

மரம் திடலை விழுங்கவில்லை. திடலும் மரத்தை விழுங்கவில்லை. இரண்டையும் விழுங்கியது கட்டடம்!

இது நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கும் இளைஞர்களே! ஷாஹீன் பாக் வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? பொதுப்பாதையைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது, ஆர்ப்பாட்டம் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் நடக்க வேண்டும் என்றது. சாலையில் நிற்காதே என்கிறார்கள். சரி, திடலையும் மூடிவிட்டால் நாம் எங்கே நிற்பது? நகர நடுவில் திறந்த வெளி இல்லை என்றால், உரிமைக்குரல் எழுப்ப இடமே இல்லை என்று பொருள்!

அதற்காக மரத்தை வெட்டுங்கள் என்று நாம் சொல்லலாமா? ஒருக்காலும் கூடாது. மரம் நட்டு அதிலிருந்து பறவையோ மனிதனோ உண்டால் அதுவும் தர்மம் என்று கற்றுத் தந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பெருநாள் தொழுகையைத் திறந்த திடலில் நடத்திக் காட்டியவர்களும் அவர்களே. நம் மார்க்கத்தில் மரத்துக்கும் திடலுக்கும் பகை இல்லை.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன?

ஓரங்களில் வேம்பும் புங்கனும் நிழல் தரட்டும். நடுவிடம் மண் தரையாகத் திறந்திருக்கட்டும். வெயிலில் வாடும் புல்வெளியைக் காட்டிப் பசுமை என்று கணக்கெழுதும் கண்துடைப்பு வேண்டாம். சதுக்கத்தின் அடியில் முழுவதும் வாகன நிறுத்தம் கட்டினால், மேலே பெருமரம் வேர்விட மண் எங்கே இருக்கும்? வாகனத்திற்கு ஒரு பகுதி போதும்.

பல திசைகளிலும் அகலமான வாசல்கள் வேண்டும். 1886 டிசம்பர் 31 அன்று இதே பீப்பிள்ஸ் பார்க் சந்தையில் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூட்டம் கூடும் இடத்தில் தப்பிக்க வழி இல்லையென்றால் அது திடல் அல்ல, பொறி!

குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பிடமும் தள்ளுவண்டிக்காரருக்கு இடமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே இனி ஒரு செங்கல்கூட வைக்க மாட்டோம் என்று மாமன்றத்தில் தீர்மானம் வேண்டும்.

வணிகச் சகோதரர்களே! திருவிழா நாளில் கூட்டம் வந்தால் உங்களுக்கு வியாபாரம். மற்ற நாளில் நிழல் இருந்தால்தான் வாடிக்கையாளர் நடந்து வருவார். இரண்டுமே உங்கள் லாபம். சங்கத்தின் பெயரில் மனு எழுதுங்கள். இளைஞர்களே! உங்கள் வார்டு கவுன்சிலரைச் சந்தியுங்கள், திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். மாற்று மத நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். நிழலும் வெளியும் எல்லோருக்கும் பொது.

கட்டி முடித்த பிறகு கண்டனக் கூட்டம் போட்டுப் பயனில்லை. அந்தக் கூட்டத்தைப் போடவும் அப்போது இடம் இருக்காது!