இறங்க எத்தனை நிமிடம்?

வாகன நிறுத்தக் கட்டணப் பலகைகளை நின்று படிக்கிற பழக்கம் எனக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இரு சக்கர வாகனம், ஆட்டோ, கார், வேன் என்று சக்கரக் கணக்கில் பட்டியல் இருக்கும். முதல் பத்து நிமிடம் இலவசம், அதற்கு மேல் இவ்வளவு, சீட்டைத் தொலைத்தால் இவ்வளவு என்று இருக்கும். வண்டியில் பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்பது கட்டாயம் இருக்கும். வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. ஒருவன் காரை நிறுத்துவான், கதவைச் சாத்துவான், சாவியைச் சுழற்றிக்கொண்டு நடந்து போய்விடுவான். பலகையை எழுதியவர் மனத்தில் இருக்கும் மனிதன் அவன்தான். அவனுக்கு முட்டி வலிக்காது. அவன் இடுப்பில் குழந்தை இருக்காது. பக்கத்து இருக்கையில், இறக்கிவிட்டால்தான் இறங்க முடியும் என்கிற ஒருத்தி இருக்க மாட்டாள்.

அந்த ஒருத்தியைப் பற்றியும், அவளை இறக்கிவிடும் இன்னொருத்தியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

என் பெரியம்மாவுக்கு 67 வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெருவில் அவர் இருந்ததே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்தில் தார் சுற்றிச் சம்பாதித்திருக்கிறார். அவரை வீட்டுக்குப் பாரம் என்று பேசிய வாய்கள், அவர் கூலியில் வாங்கிய அரிசியைத்தான் தின்றன. அது வேறு கதை.

அவரைக் காரிலிருந்து இறக்குவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் டிக்கியைத் திறந்து சக்கர நாற்காலியை எடுத்து விரிக்க வேண்டும். கதவை முழுசாகத் திறக்கப் பக்கத்தில் இடம் வேண்டும். நாற்காலியை இருக்கையோடு ஒட்டி நிறுத்தி பிரேக் போட வேண்டும். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க வேண்டும். பிறகு நான் குனிந்து, என் கைகளை அவர் அக்குளுக்குள் கொடுத்து, அவர் என் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரே மூச்சில் திருப்பி உட்கார வைக்க வேண்டும். இதற்கு நடுவில் புடவை விலகும். மருத்துவமனை வாசலில் நாற்பது கண்கள் இருக்கும். புடவையைச் சரிசெய்து, கொசுவத்தைக் காலுக்கடியில் செருகி, முந்தானையை இழுத்துவிட்ட பிறகுதான் அவர் “ம்” என்பார். அந்த “ம்” வராமல் நாற்காலி நகராது. இதற்கெல்லாம் ஆறேழு நிமிடம் ஆகும். திரும்பி ஏற்ற இன்னும் கூடுதலாக ஆகும்.

காவலாளிகள் உதவிக்கு ஓடி வருவார்கள், நல்ல மனசோடுதான். ஆனால் முன்பின் தெரியாத ஆணின் கை தன்மேல் படுவதைப் பெரியம்மா விரும்புவதில்லை. விரும்ப வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையும் இல்லை. ஆகவே அந்த வேலை என் முதுகெலும்பின் வேலை. பத்து நிமிடம் இலவசம் என்று பலகை எழுதியவரிடம், இந்தப் புடவைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்கேன் எடுக்க வாடகைக் காரில் போனோம். சக்கர நாற்காலிப் படம் போட்ட நிறுத்துமிடம் ஒன்று தரையில் வரைந்திருந்தது. அதன்மேல் நாலைந்து பைக்குகள் நின்றன. வேறு வழியின்றி வாசல் முகப்பில் வண்டியை நிறுத்தி இறக்கினோம். முடிந்து ஏற்றும்போதும் அங்கேதான். வெளியேறும் தடுப்புக் கம்பத்தில் சீட்டைக் காட்டினால், முகப்பில் நேரம் கடந்து நின்றதற்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று வந்தது. “யக்கா, கம்ப்யூட்டர் போட்டுருச்சு, நான் என்ன செய்ய?” என்றான் அந்தப் பையன். பின்பு உள்ளே எட்டிப் பார்த்தவன், “ஆச்சி இருக்காங்கன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா? சரி, அம்பது ரூபா குடுத்துட்டுப் போங்க” என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு நிற்கிறவன். குறைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவனே சொன்னான். நான் ஐம்பதை நீட்டப் போனேன். பின்னாலிருந்து பெரியம்மா சொன்னார்: “முழுசையும் குடு. ரசீதைக் கேளுட்டி.”

அந்த ரசீதை வைத்துத்தான் எழுதினோம். எங்கள் வாதத்தை இங்கே சொல்வது, இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது இதே தேவை வரும் என்பதால்.

தனியார் இடம், எங்கள் விதி என்பதுதான் இவர்கள் எப்போதும் முதலில் சொல்வது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதை ஏற்கவில்லை. பொதுமக்கள் வந்து போகிற கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் அது பொதுக் கட்டடம்தான் என்று அதன் இரண்டாம் பிரிவே வரையறுக்கிறது; மருத்துவப் பயன்பாடும் அதில் அடங்கும். ஒருவரின் உடல்நிலைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே எல்லோருக்கும் பத்து நிமிடம் என்பது சமத்துவம் ஆகாது. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் நிறுத்துமிடம் கேட்கின்றன. அந்த அகலம் அலங்காரத்துக்கு அல்ல. கதவை முழுசாகத் திறந்து நாற்காலியை ஒட்டி நிறுத்துவதற்கு. அந்த இடத்தில் பைக்கை நிற்கவிட்டவர்கள், முகப்பில் ஏன் நின்றாய் என்று அபராதம் கேட்கிறார்கள்.

இந்த நெறிகளெல்லாம் வெறும் பரிந்துரைதானே என்று நிறுவனங்கள் நழுவிய காலம் ஒன்று இருந்தது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நழுவலைப் பிடித்தது. கட்டாயமாக இருக்க வேண்டியதை விருப்பமாக மாற்றிய விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதக் கெடு கொடுத்தது. பார்வை மாற்றுத்திறனாளியான ரத்தூரி வழக்குத் தொடுத்தது 2005இல். ஒரு சாய்தளத்துக்கும் ஒரு கோட்டுக்கும் நம் நாட்டில் எத்தனை வருடம் நடக்க வேண்டியிருக்கிறது, நடக்க முடியாதவர்கள்!

தொகையைப் பற்றியும் ஒரு வாதம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவுப்படி, அபராதத் தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் பெற முடியும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. முகப்பில் சில நிமிடம் கூடுதலாக நின்றதால் அவர்களுக்கு ஐந்நூறு ரூபாய் நஷ்டமா? பிரிட்டனில் இந்த விஷயம் வேறு திசையில் போயிருக்கிறது. இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற பீவிஸ் என்பவரிடம் தனியார் நிறுவனம் கேட்ட 85 பவுண்ட் செல்லும் என்று 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அங்கேயும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தனியாரைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்த அட்டை 1971 முதல் இருக்கிறது. அது வண்டிக்குத் தரப்படுவதல்ல, ஆளுக்குத் தரப்படுவது. அவர் ஓட்டினாலும் சரி, மகள் ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாலும் சரி, அட்டை அவரோடு வரும்.

இங்கே நம் கண்ணுக்கு மாற்றுத்திறனாளி தெரிவது அவர் ஓட்டுநராக இருந்தால்தான். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வந்தால் வாயிற்காவலர் வழிவிடுவார். எங்கள் ஊரில் அதை ஓட்டுகிறவர்களாக நான் பார்ப்பது பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பின்னால், பக்கத்தில், கொண்டுவரப்படுகிறவர்களாக வருகிறார்கள். அதனால் வண்டியைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்கும் எந்த விதியும் முதலில் தவறவிடுவது அவர்களைத்தான்.

“கார் வைத்திருப்பவர்களின் பிரச்சினையை ஏன் பெண்ணியத்துக்குள் கொண்டுவருகிறாய்?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி போலத் தோன்றும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் அது விரிந்தது. நல்ல திட்டம், படியேற முடிந்தவர்களுக்கு. தாழ்தளப் பேருந்து வாங்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் வைஷ்ணவி ஜெயக்குமார் வழக்காட வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் அப்படியொரு பேருந்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பேருந்தின் படி உயரமாக இருப்பதால்தான் பெரியம்மா வாடகைக் காரில் போகிறார். இலவசப் பயணம் உள்ள மாநிலத்தில், ஒரு ஸ்கேனுக்கு, தார் சுற்றிச் சேர்த்த காசிலிருந்து கார் வாடகை. அதற்கு மேல் இந்த ஐந்நூறு.

இன்னொன்றும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் தருகிறார்கள், ஆண்கள் 97. வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கிறவர்களில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. நான் குனிந்து தூக்கிய நிமிடங்கள் அந்த 134க்குள் அடங்கியவை. அரசு அதற்குக் கூலி தருவதில்லை, குடும்பம் நன்றி சொல்வதில்லை, சரி, பழகிவிட்டது. இப்போது ஒப்பந்தக்காரர் வந்து அதே நிமிடங்களுக்கு என்னிடம் காசு கேட்கிறார். கூலி கொடுக்காத வேலைக்கு வாடகை வசூலிப்பது எந்தக் கணக்கு?

ஆளாளுக்குப் பாட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஏமாற்றுவார்கள் என்று நிர்வாகத் தரப்பு தொலைபேசியில் சொன்னது. மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை பெரியம்மாவிடம் இருக்கிறது; எண்ணோடு, படத்தோடு. அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கிற வேலையை மெதுவாக நகரும் பெண்களின் தலையில் கட்டாதீர்கள்.

பதில் கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. “கருணை அடிப்படையில்” தொகை திருப்பித் தரப்படுகிறது என்று ஒரே வரி. பணமும் வந்தது. பலருக்கு இது வெற்றி. பெரியம்மாவுக்கு அந்தச் சொல் ஐம்பது ரூபாய்ப் பேரத்தைவிடக் கசந்தது. வாழ்நாளெல்லாம் கேட்ட சொல் அது. ஆடித்தபசு கூட்டத்தில் அவர் நாற்காலிக்கு யாராவது வழிவிடும்போது, அவர் கையில் ஒரு காசையும் வைத்துவிட்டுப் போவார்கள். ஒற்றைக்காலில் தவம் நின்ற கோமதி அம்மனைப் பார்க்க வந்தவர்கள்தான்.

கருணை ஒருவரிடம் வந்து இன்னொருவரிடம் வராமல் போகும். அடுத்த வாரம் வேறொரு பையன் தடுப்புக் கம்பத்தில் நிற்பான். 2012இல் ஜீஜா கோஷ் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். பெருமூளை வாதம் உள்ளவர். கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 2016இல் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இழப்பீடு என்றுதான் சொன்னது. உதவி என்று அல்ல.

நாங்கள் இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம். கருணை என்ற சொல்லை எடுத்துவிட்டு, தவறாக வசூலித்தோம் என்று எழுதித் தரக் கேட்டிருக்கிறோம். பலகையில் மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கு நேர வரம்பு இல்லை என்ற வரியைச் சேர்க்கவும், கோட்டுக்குள் நிற்கும் பைக்குகளை எடுக்கவும் கேட்டிருக்கிறோம். நகல் மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையருக்குப் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

இப்படி ஒன்று உங்களுக்கு நேர்ந்தால் பேரம் பேசாமல் ரசீது வாங்குங்கள். பலகையையும், அடைபட்டுக் கிடக்கும் நிறுத்துமிடத்தையும், முகப்பையும் படமெடுங்கள், நேரம் பதிவாகும்படி. அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். மனுவை உங்கள் பெயரில் எழுதாதீர்கள், பயணி பெயரில் எழுதுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ அவருடையதாக இருக்கட்டும். தூக்கி இறக்கியவர் யார், அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் மனுவில் அதற்கு ஒரு தனிப் பத்தி இருக்கிறது. புடவையைப் பற்றி எழுதலாமா என்று நான் தயங்கினேன். எழுது என்றார் பெரியம்மா.