பிணையாக வைக்கப்பட்ட மானம்

சென்ற மாதம் ஓரிரவு, நண்பர் ஒருவரின் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். கைப்பேசி ஒலித்ததும் அவர் எழுந்து கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. மகன் பொறியியல் முடித்து இரண்டாண்டுகள் ஆகின்றன. ஏற்ற வேலை அமையவில்லை. கல்விக் கடனின் தவணைகள் நிற்கின்றன. “உங்க தெருவிலே நாலு பேர்கிட்ட விசாரிக்க வேண்டி வரும் சார்” என்றதாம் மறுமுனைக் குரல். அந்தச் ‘சார்’தான் நம்மை மிகவும் உறுத்தியது. மரியாதைச் சொல்லையே கத்தியாகப் பிடிக்கும் இந்த நடையை எங்கே பயில்கிறார்களோ!

இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி, நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டியதில்லை; பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையொப்பமிட்டால் போதும். நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரியை உருவாக்கிய ஏற்பாடு. ஆயினும் ஏலம் விட வீடோ நிலமோ இல்லாத இடத்தில் தகப்பனின் மானமே ஏலத்துக்கு வருகிறது என்றே நாம் கருதுகிறோம். அழைப்பவரை மட்டும் பழிப்பதற்கில்லை. அவர் மேசையிலும் ஓர் இலக்கு இருக்கும்; அவரே கல்விக் கடனில் படித்தவராகவும் இருக்கக்கூடும்.

இவ்வழைப்புகளுக்கு வரம்பு உண்டு என்பது பலருக்கும் தெரிவதில்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காக அழைக்கலாகாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. மிரட்டுவதையும், குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும், பலரறிய அவமானப்படுத்துவதையும் அதே சுற்றறிக்கை விலக்கியது. வசூல் முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாட்களில் மறுமொழி வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இவற்றையெல்லாம் சொன்னோம். நண்பர் தலையசைத்தாரேயன்றி, முறையீடு எழுத ஒப்பவில்லை. “வாங்கின கடன்தானேப்பா, நாம என்னத்தைப் பேசறது?” என்றார். நமக்கு வழக்கு இங்கேதான். கடனைத் திருப்பித் தரவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கடன்பட்டவன் வசையும் கேட்டாக வேண்டும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தரும்படி வங்கியில் கேட்பதும் இரத்தல் ஆகாது.

வெகுநேரம் வாதாடிய பின், அழைப்பவரின் பெயர், நிறுவனம், நேரம் ஆகிய மூன்றையும் குறித்து வைக்க மட்டும் இணங்கினார். மகனின் பழைய கல்லூரி நோட்டு ஒன்றைத் தேடியெடுத்து, கடைசிப் பக்கத்தில் முதல் குறிப்பை எழுதினார். பெயர் சொல்லவில்லை. நிறுவனம் சொல்லவில்லை. இரவு 8.40.