படித்த பிள்ளை வாங்கி வந்த மருந்து

"கண்ணே, கண்மணியே" என்று குழந்தையைக் கொஞ்சுகிறோம். "கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறோம். ஆனால் சொந்தக் கண்ணை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? நமது ஒர்க்ஷாப்பில் கிரைண்டிங் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில் தொங்கும் காகிள்ஸைப் போய்ப் பாருங்கள். அதன்மேல் படிந்திருக்கும் தூசியே பதில் சொல்லும்.

நண்பர்களே! மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கண் வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் முதலாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். உளுந்து அறுவடை நேரம். களத்தில் உளுந்து அடிக்கும்போது காய்ந்த சருகு ஒன்று தெறித்து என் அம்மாவின் வலது கண்ணில் அடித்துவிட்டது. முந்தானையை ஊதி ஒற்றி எடுத்துவிட்டு, மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் விடச் சொன்னார்கள். விட்டார்கள். மறுநாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"தம்பி, டவுனுக்குப் போய் ஒரு சொட்டு மருந்து வாங்கிட்டு வாப்பா. நீதான் படிச்ச புள்ள, பாத்து வாங்கியாருவே" என்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. பஸ் ஏறிப் போனேன். மருந்துக் கடையில் "கண்ணு சிவந்திருக்கு" என்றேன். "எப்படிச் சிவந்தது?" என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வினாடிகூட ஆகியிருக்காது. ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்து, "இதப் போடுங்க, ரெண்டு நாள்ல கேட்கும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டெக்ஸாமெத்தசோன். இவ்வளவு நீளமான ஆங்கில வார்த்தையைத் தப்பில்லாமல் படித்துவிட்டோமே என்று பெருமையாக இருந்தது. அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் உண்மையிலேயே கேட்டது! சிவப்பு குறைந்தது, வலி குறைந்தது. "எம் புள்ள வாங்கியாந்த மருந்து" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார்கள். பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பன்னிரண்டாம் நாள் அது பெரிதாகிவிட்டது. "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்றார்கள் ஊரில்.

பூ விழும் இடம்

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணை மெல்லச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பூஞ்சை. வயலிலும் செடியிலும் மண்ணிலும் இருக்கும் அதே பூஞ்சைக் காளான். "முதல்ல என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டார். பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது ஸ்டீராய்டுப்பா" என்றார் அமைதியாக.

நமக்குப் புரிகிற மாதிரி விளக்கம் சொல்கிறேன். கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போல் மூடியிருக்கும் தெளிந்த படலம்தான் கார்னியா. அதன் நடுப்பகுதியின் தடிமன் சுமார் அரை மில்லி மீட்டர். மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரின் திம்பிளை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு நகரும்? 0.5 மி.மீ. அவ்வளவுதான் கார்னியா! அதிலும் மேல்தோல் போன்ற அடுக்கு சுமார் 0.05 மி.மீ. அதாவது திம்பிளில் ஐந்தே பிரிவு. அந்த ஐந்து பிரிவு முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய முடியாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் கதவு திறந்த மாதிரி.

கார்னியாவில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் ஒளி தெளிவாகப் போகாது. அதனால் அதைக் காப்பதில் கண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. சளிப் பொருளும் நீரும் எண்ணெயும் சேர்ந்த மெல்லிய பூச்சு அது. பாக்டீரியாவைக் கொல்லும் லைசோசைம் என்ற பொருளும் அதில் இருக்கிறது. பெனிசிலினுக்கு முன்பே, 1922ல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தது அது.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? உடம்பு கிருமியோடு போடும் சண்டையை அடக்குகிறது. சண்டை நின்றால் சிவப்பு குறையும், வலி குறையும். நாம் குணமாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சத்தம் அடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டவன் நான்.

நம் ஜனங்களின் கண்களில் நடந்த ஆராய்ச்சி

அம்மாவுக்குக் கொடுத்த மருந்து நாட்டாமைசின். பால் போல வெள்ளையாக, குலுக்கிப் போட வேண்டிய சொட்டு மருந்து. முதலில் இரவும் பகலும் மணிக்கு ஒரு தடவை. வார்டில் விழித்திருந்து போட்டவன் நான்தான். "இதைவிடப் புது மருந்து ஏதும் இல்லையா மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாச்சு. பழசுதான் ஜெயிச்சுது" என்றார். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. டிக்ஷனரியும் கையுமாக நூலகத்தில் தேடத் தொடங்கினேன். கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

1993ல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற கணக்கில் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் அந்தக் கணக்கு 11தான். பத்து மடங்கு! 1994ல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சை. களையெடுக்கிறவன், கதிர் அறுக்கிறவன் வீட்டு நோய் இது.

நாட்டாமைசின் 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து கிடைத்த மருந்து. பெயரிலேயே ஊர் இருக்கிறது. பிற்பாடு வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்தது. அது கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும் என்பதால் அதுதான் சிறந்தது என்று பல மருத்துவர்கள் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்ப்போடு விடவில்லை. 2010 முதல் 2011 முடிய, அரவிந்த் மருத்துவமனைகளில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பிராக்டர் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப்பேருக்கு ஒன்று, மீதிப்பேருக்கு மற்றொன்று. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளக்கிறவருக்கும் தெரியாது. 368 பேரைச் சேர்க்கத் திட்டம். 323 பேரோடு முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். காரணம், பழைய மருந்து போட்டவர்களின் பார்வை தெளிவாகவே மேலாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைந்திருந்தது. 2013ல் முடிவு வெளியானது. 2017ல் நாட்டாமைசின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது.

ஸ்டீராய்டையும் சும்மா விடவில்லை. பாக்டீரியாவால் வந்த புண்ணுக்கு, முதலில் கிருமிக்கொல்லி கொடுத்துவிட்டு, டாக்டர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு சேர்த்தால் நன்மை உண்டா என்று 500 பேரிடம் சோதித்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அரவிந்துக்கு வந்தவர்களே. 2012ல் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்து மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை. கவனியுங்கள் நண்பர்களே! பூஞ்சைப் புண் உள்ளவரை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. பெரிய டாக்டர்களே 500 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பேசிய விஷயத்தை, நானும் கடைக்காரரும் பத்து வினாடியில் முடிவு செய்தோம்!

நல்லது என்று நினைத்ததையும் சோதி

இன்னொரு கதை இதைவிட எனக்குப் பாடம். நேபாளத்தில் பக்தபூர் என்ற பகுதியில், கண்ணில் கீறல் விழுந்த உடனே கிராம சுகாதாரப் பணியாளர்கள் கிருமிக்கொல்லிக் களிம்பு போட்டார்கள். 2001ல் முடிவு வந்தது. 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. பிறகு நம் மதுரைப் பக்கத்தில் இரண்டு பஞ்சாயத்துகளில், 48,039 மக்களுக்கு 15 பணியாளர்களைப் பழக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பூஞ்சைக்கான மருந்தும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். 374 கீறல்களில் 368 சிக்கலில்லாமல் ஆறின.

இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். "ஊருக்கு ஊர் களிம்பு கொடுத்தால் முடிந்ததே!" என்று நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு ஆய்விலும் களிம்பு கிடைக்காத ஊர் என்று ஒப்பிட ஒன்று இல்லை. தானாகவே ஆறியிருக்கக்கூடிய கீறல் எத்தனை என்று எப்படித் தெரியும்? அதையும் விடவில்லை. நேபாளத்தில் 24 கிராமப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதியில் மட்டும் களிம்புத் திட்டத்தை நடத்தினார்கள். 2022ல் வெளியான முடிவு: புண் வந்த அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே!

முதலில் எனக்கு ஏமாற்றம்தான். யோசித்துப் பார்த்தால் இதுதான் நேர்மை. தாங்கள் ஆசைப்பட்ட பதில் வராதபோதும் அதை அச்சில் போடுகிறார்கள். நம் லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து ரீடிங்கைத் "திருத்தி" ரெக்கார்டில் எழுதி மார்க் வாங்குகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். யாருக்கும் வெட்கமில்லை. அந்த மாதிரி "திருத்தப்பட்ட" ரீடிங்கில் மருந்து வந்தால் நம் அம்மாக்களின் கண் என்ன ஆகும்?

நாம் செய்ய வேண்டியது

என் கருத்து இதுதான். இந்த ஆராய்ச்சிகளுக்குக் கண்ணைக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்து ஜனங்கள். அதன் பலன் ஆங்கிலப் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. அதை எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை நாம்தான். லேபிளைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. "இது என்ன மருந்து? என் நோய்க்கு இதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கவும் தெரிய வேண்டும். அதுதான் படிப்பு. அன்றைக்கு நான் படிக்கத் தெரிந்தவன், படித்தவன் அல்ல.

மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, காகிள்ஸ் போடாதவன் கிரைண்டிங் மெஷினைத் தொடக்கூடாது என்பதை நாமே நமக்குச் சட்டமாக்குவோம். "காகிள்ஸ் போட்டா ஃபர்ஸ்ட் இயர் பையன் மாதிரி இருக்கும்டா" என்கிற கேலியை நிறுத்துவோம். இரண்டு, ஒர்க்ஷாப் சுவரில் தமிழில் ஒரு சார்ட் வைப்போம். தூசி விழுந்தால் கசக்காதே. சுத்தமான தண்ணீரில் கழுவு. குத்தி நிற்கிற துகளைக் கைக்குட்டையாலோ நாக்காலோ எடுக்காதே. உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. கடைச் சொட்டு மருந்தை நீயாகப் போடாதே. மூன்று, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் ஊரில் ரோடு கூட்டுவதோடு இதையும் ஒரு மாலை பேசுவோம்.

அம்மாவுக்குப் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. வலது கண்ணில் பூ நிலைத்துவிட்டது. விரலைக் காட்டினால் எண்ணுவார்கள், அவ்வளவுதான். "நீ படிச்சாத்தான்யா எங்களுக்குக் கண்ணு தெரியும்" என்று சொல்லித்தான் என்னை இங்கே சேர்த்தார்கள். இன்றும் யாராவது கண்ணைப் பற்றிக் கேட்டால், சருகு அடித்துவிட்டது என்று மட்டும்தான் சொல்வார்கள். நான் வாங்கி வந்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர்கள் சொல்லாததை நான் இங்கே எழுதிவிட்டேன். இந்த மலரை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டுவீர்களா நண்பர்களே?

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை