எண்ணூர் மக்களுக்கு எந்த வழி?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலுக்குள் அமோனியாக் குழாய் கசிந்தது. கப்பலில் வரும் திரவ அமோனியாவைக் கரையிலுள்ள கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரும் குழாய் அது. கண் எரிந்து, மூச்சு முட்டி, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறித் தப்பினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை என்பதே அன்று மக்கள் வைத்த முதல் குற்றச்சாட்டு.

பூமிக்கு மேலே சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இப்படித் தப்பிக்கும் வழி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும், திரும்பிவர ஒரு கலத்தில் ஓர் இருக்கை உண்டு. 2022 டிசம்பரில் சோயுஸ் கலத்தின் குளிரூட்டும் திரவம் கசிந்தபோது, அதில் சென்றிருந்த விண்வெளி வீரர் பிராங்க் ரூபியோவின் இருக்கை விரிப்பைக் கழற்றி இன்னொரு கலத்தில் பொருத்தினார்கள். மறு பிப்ரவரியில் ஆளில்லாத சோயுஸ் ஒன்றை மாற்றாக அனுப்பினார்கள். 2024இல் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் போன ஸ்டார்லைனர் கலம் ஆளின்றித் திரும்பியது. அடுத்த கலம் வந்துசேரும்வரையிலான சில வாரங்களுக்குக்கூட, வேறொரு கலத்தில் சரக்கு வைக்கும் இடத்தில் அவருக்கும் உடன் சென்ற புட்ச் வில்மோருக்கும் தற்காலிக இடம் ஒதுக்கிவைத்தார்கள். இரண்டு பேருக்காக இவ்வளவு ஏற்பாடு. எண்ணூரில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

கணினித் துறையில் இதற்கு நேர்மாறான ஒரு நிலை உண்டு. சி என்ற நிரல் மொழியின் விதிநூல் சில தவறுகளுக்கு என்ன விளைவு என்று எதுவுமே சொல்வதில்லை. வரையறுக்கப்படாத நடத்தை என்பார்கள். அந்தத் தவறு நேரவே நேராது என்று எடுத்துக்கொள்ள, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு உரிமை உண்டு. அதனால், பாதுகாப்புக்காக எழுதிய சோதனை வரியையே தேவையற்றதென்று நீக்கிவிடவும் கூடும். 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இதுவே நடந்து, ஊடுருவலுக்கு வழி திறந்தது. நிரல் ஒழுங்காக ஓடும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

விபத்து நேரவே நேராது என்ற எண்ணத்தில் எண்ணூரும் இத்தனை காலம் இப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆனால் சி மொழியின் விதிநூலைப் போலன்றி, இங்கே சட்டத்தில் குறையில்லை. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகள், ஆலைக்கு வெளியே செயல்படுத்த வேண்டிய அவசரகாலத் திட்டத்தைக் கேட்கின்றன. ஆண்டுக்கொரு முறை அதை ஒத்திகை பார்க்கச் சொல்கின்றன. பாதிக்கப்படக்கூடிய மக்களிடம், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன. 1996 விதிகள் மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் வேண்டும் என்கின்றன. ஆனால், ஓடிய மக்களுக்கு எந்தத் திசையில் ஓடுவது என்றுகூடத் தெரியவில்லையென்றால் அந்தத் திட்டம் யாருக்காக?

ஊரின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே கொசஸ்தலை ஆறும் கழிமுகமும். வடக்கு தெற்காகப் போகும் எண்ணூர் விரைவுச் சாலையே முக்கிய வழி. அதிலோ துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோடு ஓடாமல் அதற்குக் குறுக்கே விலகிப் போனால் பாதிப்பு குறையும். இது தெரிந்த வீடு பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் எத்தனை இருக்கும்?

விவசாயிக்கு உரம் வேண்டும், தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்பார்கள். வேண்டியதுதான். ஆனால் உரத்துக்கான விலையைக் குப்பத்துக் குழந்தையின் நுரையீரல் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணூர், மணலி வட்டாரத்தில் அபாயகரமான ரசாயனத்தைக் கையாளும் எந்த ஆலையும், சுற்றியுள்ள ஒவ்வொரு குப்பத்துக்கும் வெளியேறும் வழி உறுதியாகும்வரை அதைக் கையாளக் கூடாது என்று தமிழக அரசு உத்தரவிட வேண்டும். கசிவைக் கண்டதும் சைரனை ஒலிக்கவைக்கும் பொறுப்பு யாருக்கு, நடக்க முடியாத முதியவரை ஏற்றிப் போவது எந்த வண்டி, லாரிகளை ஓரங்கட்டுவது எந்தக் காவல் நிலையம் என்பதெல்லாம் தமிழில் அச்சாகி வீடுதோறும் சேர வேண்டும். முதல் ஒத்திகையை, லாரிகள் சாலையில் நிற்கும் ஒரு நாளில், இரவு பதினொன்றே முக்காலுக்கு மாவட்ட ஆட்சியர் நேரில் நின்று நடத்தட்டும்.