ஒரு கட் அவுட் கதை

எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு கட் அவுட் இருக்கிறது என்பது போன டிசம்பர் வரை எனக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த கட் அவுட் எல்லாம் மவுண்ட் ரோடில் ஐம்பது அடி உயரத்தில் கும்பிட்டபடி நின்றவைதான். இது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் குட்டியாக ஒரு சிவப்புப் பொத்தான். இதற்கு மாலை போடவேண்டும் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்மா மார்கழியில் அஞ்சு மணிக்குக் குளித்துவிடுவாள். அதற்காக நாலரைக்கே எழுந்து கெய்சர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறுபடி படுப்பாள். சில நாள் அணைக்க மறந்துவிடுவாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரன்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டியபோது, "ஏங்க, நீங்க பி.காம்.தானே, இதுக்கு ஒரு கணக்கு போடுங்களேன்" என்றாள் மனைவி.

போட்டேன். பதினைந்து லிட்டர் டாங்க். 2,000 வாட் எலிமென்ட். 27 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 17 நிமிஷம். செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஆக, 4.40-க்கு ஆன், 5.00-க்கு ஆஃப். இதற்கு எதற்கு ஒரு மனுஷி தூக்கம் கெடவேண்டும்? செல்போனிலிருந்தே இயக்குகிற ஸ்மார்ட் பிளக் ஒன்று வாங்கினேன். பதினாறு ஆம்பியர்தான், ஸார். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வரும், சின்னப் பிளக் தாங்காது என்கிற வரைக்கும் எனக்குத் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

பிளக் குண்டாக இருந்தது. பாத்ரூம் கதவுக்கு வெளியே இருக்கும் ஸ்விட்ச் போர்டில் செருகப் போனால் கதவு நிலை இடித்தது. தெருமுனைக் கடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதில் பிளக்கைச் செருகி, ஷூ ஸ்டாண்ட் மேல் வைத்தேன். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம் வை-ஃபை. இந்த மாதிரிப் பிளக்குகளில் பெரும்பாலானவைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் புரியும். என் போன் 5-ல் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாத மாமியார் மருமகள் மாதிரி. சமாதானம் பண்ணி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இரண்டு வாரம் ராஜபோகம். ஒரு நாள் மட்டும் 4.45-க்குக் கரன்ட் போய் உடனே வந்தது. பிளக் ஆஃபிலேயே நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர். விடுவேனா? அமைப்புகளைத் துழாவினேன். "கரன்ட் திரும்பி வந்தால் என்ன செய்ய?" என்று ஒரு கேள்வி இருந்தது. "ஆன்" என்று கொடுத்தேன். என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

அந்த வாரம்தான் அம்மா சொன்னாள்: "டேய், பைப்பைத் தொட்டா சுருக்குனு என்னமோ பண்றது."

நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "குளிர்காலம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சென்னையில், ஸார். குளிர்காலம்!

அதற்கடுத்த வாரம் ஒரு காலை தண்ணீர் சுடவில்லை. ஆப்பில் பச்சையாக "ஆன்" என்று சிரிக்கிறது. தண்ணீரோ ஜில்லென்று இருக்கிறது. ஒரு மென்பொருள் பிரச்னையை எப்படி அணுகுவதோ அப்படி அணுகினேன். ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிளக்கின் பெயரை 'கெய்சர்' என்பதிலிருந்து 'கெய்சர் 2' என்று மாற்றினேன். இதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். மூன்று நாள் இப்படியே ஓடியது. அம்மா அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

டல்லாஸில் இருக்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் புலம்பினேன். அவன் வீட்டுக் கொல்லையில் ஸ்பா தொட்டி வைத்திருக்கிறான். ஆயிரத்து முந்நூறு லிட்டர் வெந்நீரில், ஐந்து பேர் கழுத்து வரை மூழ்கி உட்கார்ந்து பேசுவார்களாம். (நம் ஊரில் இதற்குக் குற்றாலம் இருக்கிறது.) அவனுக்கும் இதே மாதிரி ஒரு முறை ஹீட்டர் நின்றுபோய், கன்ட்ரோல் போர்டே போய்விட்டது என்று நினைத்துப் புதுசு ஆர்டர் பண்ணுகிற வரை போயிருக்கிறான். கடைசியில் பார்த்தால் ஃபில்டரில் அழுக்கு. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் கருகிவிடும் என்று போர்டே அதை நிறுத்தி வைத்திருந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டதும் சூடாகிவிட்டது.

"ஹீட்டர் நின்னா சும்மா நிக்காதுடா. எதையோ பார்த்துட்டுத்தான் நின்னிருக்கும்" என்று எழுதினான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிட்டேன்.

நாலாம் நாள் மனைவி என்னைக் கேட்காமலே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டாள். ஐம்பது வயசுக்காரர். தோளில் ரெக்ஸின் பை. நான் செல்போனை நீட்டி, "ஆப்ல ஆன்னுதான் காட்டுது அண்ணே" என்றேன். அவர் அதை வாங்காமலே எட்டிப் பார்த்தார்.

"பக்கத்துல சைபர் வாட்னு போட்டிருக்கே தம்பி."

போட்டிருந்தது. மூன்று நாளாகப் போட்டிருந்தது. வவுச்சரில் கையெழுத்து இருக்கிறது, கல்லாவிலிருந்து காசு போகவில்லை என்றால் பி.காம். முதல் வருஷப் பையன்கூடக் கண்டுபிடிப்பான். பிளக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. கெய்சருக்குள் கரன்ட்டை வாங்க ஆள் இல்லை. இதற்கு ரவுட்டரை அணைத்து என்ன பிரயோஜனம்?

மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். சிவப்புப் பொத்தானைக் காட்டினார். "இதான் தெர்மல் கட் அவுட். தண்ணி அளவுக்கு மேல கொதிச்சா இது பட்டுனு வெளில வந்து லைனைப் பிரிச்சிடும்."

"அப்ப அமுக்கிட்டா சரியாயிடுமாண்ணே?"

"ஆயிடும். ஆனா எதுக்கு வந்துச்சுன்னு பார்க்காம அமுக்கக்கூடாது."

மீட்டரை எடுத்தார். எலிமென்டின் இரண்டு முனைக்கு நடுவே 26 ஓம் காட்டியது. 2,000 வாட் என்றால் அப்படித்தான் காட்டவேண்டும். தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருகினாலும் தொடர்பு விடவில்லை, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து எலிமென்டின் ஒரு முனையையும் டாங்கின் உடம்பையும் தொட்டுப் பார்த்தார். முள் அசையவே கூடாதாம். அசைந்தது. அவர் முகம் மாறியது.

"தொட்டா ஷாக் அடிச்சுதா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "நான் போன வாரமே சொன்னேன்!"

அவர் ஷூ ஸ்டாண்டுக்கு வந்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நாலு ஸ்க்ரூ கழற்றித் திறந்து என்னிடம் காட்டினார். "மூணு ஓட்டை இருக்கு. ஒயர் ரெண்டுதான் இருக்கு. மூணாவது ஓட்டை அழகுக்கு வச்சிருக்கான்."

மெதுவாகப் புரிந்தது. எங்கள் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எலிமென்டின் மேல் படிந்து படிந்து, உறை எங்கேயோ விரிந்து, கரன்ட் கொஞ்சம் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அது எர்த் ஒயர் வழியாகச் சத்தம் போடாமல் பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த வழியை அடைத்தேன். அதற்கு வேறு வழி வேண்டாமா? ஈரத்தரையில் நின்று பைப்பைத் திறக்கும் அம்மா வழியாகப் போகப் பார்த்தது. "போர்டுல ஆர்.சி.சி.பி. போடலையா?" என்றார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் அணைத்துவிடும் சமாசாரம். பழைய ஃப்ளாட். இல்லை.

ஆப்பில் அந்த ராத்திரியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கரன்ட் போய்விட்டு 1.12-க்கு வந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தபடியே பிளக் சமர்த்தாக ஆன் ஆகியிருக்கிறது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதால் நிறுத்த ஆள் இல்லை. 1.46 வரை 2,000 வாட். அப்புறம் சைபர். நாங்களெல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சிவப்புப் பொத்தான் வெளியே வந்து லைனைப் பிரித்திருக்கிறது. அதற்கப்புறம் மூன்று நாள் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கரன்ட் எலிமென்டுக்கே போகவில்லை, அம்மாவுக்கும் சுருக்கென்று இல்லை. அந்த மூன்று நாளும் நான் ராப்பகலாக எதை மறுபடி ஆன் பண்ணப் பாடுபட்டேன் என்று யோசித்தபோது பாத்ரூம் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

டாங்குக்குள்ளிருந்து இரண்டு கை நிறையச் சுண்ணாம்பை அள்ளினார். எலிமென்ட், தெர்மோஸ்டாட், கரைந்து குச்சியாய்ப் போயிருந்த மெக்னீசியம் ராடு எல்லாம் புதுசு. போர்டில் ஆர்.சி.சி.பி. கதவு நிலைக்கு இந்தப் பக்கம் தள்ளி, எர்த்தோடு தனி பாயின்ட். கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம். ஸ்மார்ட் பிளக்கால் மிச்சமான யூனிட்டோடு இதைச் சரிக்கட்ட எத்தனை மார்கழி ஆகும் என்ற கணக்கை மனைவி கேட்டாள். நான் போடவில்லை.

பிளக் இப்போதும் இருக்கிறது. கரன்ட் திரும்பினால் "ஆஃப்". அது நேராகச் சுவரில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குப்பையில். மாதத்தின் முதல் ஞாயிறு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன். வீடே இருண்டு, டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருப்பது பாதியில் நின்று, உள்ளேயிருந்து "டேய்!" என்று சத்தம் வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ரிப்பேர் முடிந்த மறுநாள் காலை 4.50-க்கே எழுந்து, டெஸ்டரும் கையுமாக பாத்ரூமுக்குள் போய் பைப், ஷவர், வால்வு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதிலும் விளக்கு எரியவில்லை. மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தேன். துண்டோடு வாசலில் நின்ற அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீ குளிக்கப் போறியா? இல்லேன்னா வழியை விடு."